அவளுக்கு மட்டும் மஸ்ட்

நவம்பர் 9, ஞாயிறு

முருகா, இலஞ்சிக் குமாரா, நீதான் துணை.

இங்கே வந்து ஒரு வாரம் ஆகிறது. பேசாமல் இருந்தால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். ஊரில் என்றால் கீரைக்காரி, பூக்காரி, கோயில் நந்தவனத்துக்குத் தண்ணீர் விடுகிறவன் என்று யாராவது அகப்படுவார்கள். இந்த ஷெஃபீல்டில் கதவைத் திறந்தால் மேடும் பள்ளமுமாகத் தெரு கிடக்கிறது. ஒரு ஆள் இல்லை. நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. அதனால்தான் கூட்டுறவு சங்கத்தில் கொடுத்த டைரியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான் எட்டாவது வரைதான். கையெழுத்து மட்டும் நன்றாக இருக்கும்.

குழலி என் அண்ணன் மகள். குழல்வாய்மொழி என்று குற்றாலத்து அம்மன் பெயரை வைத்தது நான்தான். அவளைப் பெற்ற என் மதினி போய்ச் சேர்ந்துவிட்டாள். பிரசவத்துக்கு வேறு யார் வருவார்கள்? எனக்குப் பிள்ளை குட்டி இல்லை, என் வீட்டுக்காரரும் இல்லை. அண்ணன் டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். மஞ்சள், பெருங்காயம், பிரசவ மருந்துப் பொடி, சாம்பிராணி எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

குழலி வீட்டுக்காரர் பெயர் பரணி. எனக்கு மாப்பிள்ளை, அவருக்கு நான் சித்தி முறை. விடிவதற்குள் ரயில் ஏறி வேறு ஊருக்கு வேலைக்குப் போகிறார். இருட்டின பிறகு வருகிறார். பாவம்.

நவம்பர் 12, புதன்

குழலி இங்கே ஒரு காலேஜில், வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறாள். இப்போது லீவு. கை சும்மா இருக்குமா? இன்றைக்கு எனக்குப் பாடம் எடுத்தாள். கால் இரண்டும் வீங்கிக் கிடக்க, சோபாவில் சாய்ந்துகொண்டே.

“அத்த, நீங்க முழு இங்கிலீஷும் படிக்க வேண்டாம். யாராவது கதவத் தட்டுனா பேசணும், கடைக்குப் போனா கேக்கணும், அவ்வளவுதான? ஐ, யூ, ஹீ, ஷீ. இது ஆளு. கேன், மே, மஸ்ட், ஷுட். இது அந்த ஆளு என்ன நெலமைல இருக்குங்கறது. ரெண்டையும் ஒட்டுனாப் போதும், பாதி ஊரச் சமாளிச்சிரலாம்.”

கேன் என்றால் முடியும். மே என்றால் செய்யலாம், தடை இல்லை. மஸ்ட் என்றால் செய்தே ஆக வேண்டும். ஷுட் என்றால் செய்ய வேண்டியது, செய்யாவிட்டால் மனசு குத்தும். இப்படித்தான் சொன்னாள்.

எனக்கு ஒரு சந்தேகம். “ஐ கேன், யூ கேன், ஷீ கேன்னு எல்லாருக்கும் ஒரே கேனா? ராசாவுக்கும் அதே, நாய்க்கும் அதேயா? என்னட்டி இது, மரியாத கெட்ட பாஷையா இருக்கு. நம்ம ஊர்ல நாய் வரும், நீ வருவ, ராசா வருவார்லா?”

“சரி, நம்ம முடியும்ங்கறதச் சொல்லுங்க பாப்போம். என்னால முடியும், நாயால முடியும், ராசாவால?”

“ராசாவால முடியும்.”

சொல்லிவிட்டு நானே வாயைப் பொத்திக்கொண்டேன். பிறந்ததிலிருந்து பேசுகிற பாஷை, இது எனக்கே தெரியவில்லை. குழலி வயிறு குலுங்கச் சிரித்தாள். “சிரிக்க வைக்காதிய அத்த, இங்கயே பெத்துருவேன்” என்றாள்.

ராத்திரிக்கு ரசம், பருப்புத் துவையல்.

நவம்பர் 15, சனி

மூலையில் ஒரு பஞ்சாபிக்காரர் கடை. படித்ததைச் சோதித்துப் பார்க்கலாம் என்று தனியாகப் போனேன். கொத்தமல்லிக் கட்டைக் காட்டி, “யூ மஸ்ட் கிவ்” என்றேன். மனுஷன் துப்பாக்கியைப் பார்த்தவர் மாதிரி இரண்டு கையையும் தூக்கினார். பிறகு சிரித்துவிட்டார், நல்லவர்.

குழலியிடம் சொன்னேன். “மஸ்ட்ட யாருகிட்டயும் காட்டாதிய அத்த. அது ஓங்குன கை. விருந்தாளிகிட்ட வேணா சொல்லலாம், யூ மஸ்ட் ஈட்டுன்னு” என்றாள்.

முழங்கால் வலி. இந்த ஊரில் கடைக்குப் போவதே மலை ஏறுகிற மாதிரிதான்.

நவம்பர் 18, செவ்வாய்

ஆண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். இலஞ்சிக்குப் போனதும் பால்குடம் எடுக்கிறேன் முருகா.

நவம்பர் 22, சனி

வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பூண்டுக் குழம்பு, மருந்துப் பொடி, நல்லெண்ணெய் எல்லாம் ஆரம்பித்தாயிற்று. பயல் அப்படியே அண்ணன் ஜாடை. கன்னத்திலும் உள்ளங்காலிலும் பெரிதாகத் திருஷ்டிப் பொட்டு வைத்தேன். இதற்கு மேல் அவனைப் பற்றி எழுத மாட்டேன். எழுதினாலும் கண்தான்.

குழலி சரியாகச் சாப்பிடவில்லை. வலி இருக்கும்.

நவம்பர் 26, புதன்

பிள்ளை தூங்கும்போது தாயும் தூங்க வேண்டும். அதுதான் முறை. இவள் தூங்குவதில்லை. பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பார்க்கிறாள் என்றும் சொல்ல முடியாது. கண் அந்தப் பக்கம் இருக்கிறது, அவ்வளவுதான்.

“அத்தைக்கு அடுத்த பாடம் எடுட்டி” என்றேன். “எடுக்கணும் அத்த” என்றாள். எடுக்கவில்லை.

ஆனாலும் நான் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். காதால் படிக்கிறேன். இவள் வாய்க்குள்ளே இங்கிலீஷில் முனகுகிறாள். ஐ மஸ்ட் ஃபீட் ஹிம். ஐ ஷுட் பம்ப், அது மெஷின் வைத்துப் பால் எடுக்கிறது. ஐ ஷுட் பி ஹேப்பி. கடைசியில் சொன்னதற்கு அர்த்தம் எனக்கே தெரிந்துவிட்டது, சந்தோஷமாக இருக்க வேண்டுமாம். அதை யாராவது வேலை மாதிரி சொல்வார்களா?

மாப்பிள்ளையிடம், “யூ கேன் ஸ்லீப்” என்கிறாள். என்னிடம், “நீங்க படுக்கலாம் அத்த” என்கிறாள். எங்களுக்கெல்லாம் கேனும் லாமும். அவளுக்கு மட்டும் மஸ்ட். அந்த ஓங்கின கையைத் தன் மேலேயே ஓங்கிக்கொண்டு திரிகிறாள்.

அசதிதான். மருந்துக் குழம்பு உள்ளே போனால் சரியாகிவிடும்.

நவம்பர் 29, சனி

மழை. துணி காயவில்லை. குழலி தலை வாரவில்லை.

டிசம்பர் 2, செவ்வாய்

இன்றைக்கு ஹெதர் என்று ஒரு அம்மா வந்தாள். பிள்ளை பெற்ற வீட்டுக்கெல்லாம் கவர்மெண்டிலிருந்து வந்து, தாயையும் பிள்ளையையும் பார்த்துவிட்டுப் போகிற நர்ஸ். சிவப்பு முடி, கன்னமெல்லாம் புள்ளி, நல்ல சிரிப்பு. உளுந்த வடை கொடுத்து, “யூ மஸ்ட் ஈட்” என்றேன். இரண்டு தின்றாள்.

அவள் வருகிறாள் என்றதும் குழலி எழுந்து, தலை வாரி, பொட்டு வைத்து, உதட்டுக்குச் சாயம்கூடப் பூசிக்கொண்டாள். எனக்கு வயிறு குளிர்ந்தது. ஹெதர் கேட்டதற்கெல்லாம் சிரித்துக்கொண்டே, “ஐ ஆம் ஃபைன்” என்றாள்.

ஹெதர் பிள்ளையைத் தூக்கி எடை பார்த்தாள். பார்த்துவிட்டு, “வாட் எ பியூட்டிஃபுல் பாய்! சோ சப்பி!” என்று கூவினாள். கையைக் குவித்துக் காட்டினதில், கொழுகொழுவென்று இருக்கிறான் என்கிறாள் என்று புரிந்துவிட்டது. அதுவும் செவ்வாய்க்கிழமை! பெற்று இரண்டு வாரம் ஆன பிள்ளையைப் பார்த்து யாராவது வாய்விட்டு இப்படிச் சொல்வார்களா? எனக்குப் பகீர் என்றது. துப்பக்கூட முடியாது, அவள் வீட்டுக்கு வந்தவள். வேறு என்ன செய்ய? நம் ஊரில் செய்கிறதைத்தான் செய்தேன். யாராவது பிள்ளை நன்றாக இருக்கிறது என்றால், இல்லை, நோஞ்சான், பாலே குடிக்கவில்லை என்று சொல்லி மாற்றிவிட வேண்டும்.

“நோ, நோ! ஹீ கேனாட் ட்ரிங்க். ஹீ கேனாட் ஸ்லீப். ஷீ கேனாட் கிவ் மில்க். வெரி பேட்” என்றேன். ஒரு தப்பில்லாமல் சொன்னேன்.

ஹெதர் முகம் மாறியது. பிள்ளையை மறுபடியும் எடை பார்த்தாள். கன்னத்துப் பொட்டை அடி கிடி பட்டதோ என்கிற மாதிரி உற்றுப் பார்த்தாள். குழலியைப் பார்த்து ஏதோ மெதுவாகக் கேட்டாள். அத்தை கண்ணுக்குப் பயந்து சொல்கிறாள் என்று குழலி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

ஹெதர் போன பிறகு கேட்டேன். “ஏட்டி, கண்ணு படக் கூடாதுன்னு சொல்லுததுதான? அவகிட்ட வெவரஞ் சொல்லக் கூடாதா?”

“நீங்க சரியாத்தான சொன்னிய அத்த.”

“என்னத்தச் சரியாச் சொன்னேன்?”

“என்னால முடியலதான்.”

முருகா. நான் ஒன்று நினைத்துச் சொன்னேன், அது எங்கே போய் விழுந்திருக்கிறது பார்.

டிசம்பர் 3, புதன்

திருக்கார்த்திகை. இந்தக் காற்றுக்கு வாசலில் விளக்கு நிற்காது. ஜன்னல் ஓரத்தில் வரிசையாக ஏற்றினேன். நேற்றுப் பட்ட கண்ணுக்காக மிளகாயும் உப்பும் சுற்றி, வாணலியில் போட்டுப் பொசுக்கினேன். கூரையில் இருக்கிற புகை மணி கத்த ஆரம்பித்துவிட்டது. அப்படி ஒரு சத்தம் நான் கேட்டதே இல்லை. பிள்ளை வீறிட்டான். நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அதை அடிக்க ஓடினேன்.

குழலி தொட்டிலுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தாள். திரும்பவில்லை. மணி கத்துகிறது, பிள்ளை கத்துகிறான், நான் கத்துகிறேன். இவள் ஜன்னலில் எரிகிற விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கார்த்திகைப் பொரி உருண்டை நன்றாக வந்தது.

டிசம்பர் 5, வெள்ளி

ஹெதர் மாப்பிள்ளைக்குப் போன் பண்ணியிருக்கிறாள். அடுத்த வியாழக்கிழமை மறுபடியும் வருகிறாளாம், கூட அவளுக்கு மேலே உள்ள ஒரு அதிகாரியும். மாப்பிள்ளைக்கு முகமே செத்துவிட்டது.

“சித்தி, இந்த ஊர்ல அம்மாவால பிள்ளையப் பாத்துக்க முடியலன்னு ஒரு வார்த்தை காதுல விழுந்தாப் போதும். சும்மா விட மாட்டாங்க. பிள்ளையத் தூக்கிட்டுப் போய் வேற வீட்ல விட்ருவாங்கன்னு ஆபீஸ்ல சொல்றாங்க.”

“பெத்தவகிட்டருந்தா? அதெப்படித் தூக்குவான்? எம் பொணத்தத் தாண்டித்தான் தூக்கணும்.”

“அந்த டயலாக்கெல்லாம் வேண்டாம் சித்தி. வியாழக்கிழமை நான் லீவு போடறேன். நம்ம ஊர் வழக்கம் இப்படின்னு நான் எடுத்துச் சொல்லிடறேன். உங்ககிட்ட கேட்டா, ஷீ கேன் ஃபீட், ஷீ கேன் ஸ்லீப். அவ்ளோதான். சொல்லுங்க பாப்போம்.”

“ஷீ கேன் ஃபீட். ஷீ கேன் ஸ்லீப்.”

“சிரிச்சுக்கிட்டே.”

சிரித்துக்கொண்டே சொன்னேன். குழலி மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மாப்பிள்ளை குளிக்கப் போனதும் என் பக்கத்தில் வந்து, “நான் இல்லாட்டாத்தான் அத்த அவன் நல்லா இருப்பான்” என்றாள். தண்ணீர் கேட்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

பால் கட்டிக்கொண்டால் இப்படித்தான் பேச்சு வரும். முட்டைக்கோஸ் இலை வைத்துக் கட்டினேன்.

டிசம்பர் 8, திங்கள்

காலையில் பிள்ளையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, அந்தப் புகை மணிக்குப் பயந்து சாம்பிராணி காட்ட வேண்டாம் என்று நினைத்துக்கொண்டு, துணியில் சுற்றித் திரும்பினால் வாசல் கதவு திறந்து கிடக்கிறது. குளிர் உள்ளே வந்துகொண்டிருக்கிறது. குழலி இல்லை. அவள் கோட்டு ஆணியில் தொங்குகிறது. செருப்பு கிடக்கிறது.

பிள்ளையை விட்டுவிட்டுப் போக முடியுமா? என் மார்போடு சேலையில் கட்டி, மேலே கம்பளியைப் போர்த்திக்கொண்டு இறங்கினேன். அந்த இறக்கத்தில் எப்படி விழாமல் போனேன் என்று எனக்குத் தெரியவில்லை. முருகா முருகா என்று மட்டும் சொன்னேன். அடிவாரத்தில் பஸ் நிற்கிற இடம். கண்ணாடிக் கூண்டு மாதிரி இருக்கும். அதன் விளிம்பில், ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வெறுங்கால் நீலமாகிவிட்டது.

பக்கத்தில் உட்கார்ந்தேன். மூச்சு வாங்கியது. பெரிய பஸ் ஒன்று வந்து நின்று, கதவைத் திறந்து, மூடி, போயிற்று.

“எந்த பஸ்ஸுக்குட்டி நிக்க?”

“பஸ்ஸுக்கு வரல அத்த.”

வேறு ஒன்றும் நான் கேட்கவில்லை. எனக்கே ஆச்சரியம். என் கம்பளியை எடுத்து அவள் காலில் சுற்றினேன். இரண்டு பேரும் மெதுவாக ஏறி வந்தோம்.

காற்று வாங்கப் போயிருக்கிறாள். மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை. வியாழக்கிழமை வேறு வருகிறது, மனுஷன் பயந்துவிடுவார்.

டிசம்பர் 9, செவ்வாய்

சமையலறையை ஒதுங்க வைத்தேன். கத்திகளை எல்லாம் மேல் தட்டில், அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். இடம் விசாலமாகிவிட்டது. மாத்திரைகளைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன். மாடி ஜன்னலைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். ரொம்பக் குளிர்.

மதினி குழலியைப் பெற்றபோதும் இப்படித்தான் கொஞ்ச நாள் பேசாமல் கிடந்தாள். காற்று கருப்பு என்று விபூதி போட்டார்கள். அந்த மாசம்தான் அண்ணன் வீட்டுக் கிணற்றுக்கு இரும்பு மூடி போட்டார். பூனை விழுகிறது என்றார். நாங்கள் யாரும் எந்தப் பூனை என்று கேட்கவில்லை.

டிசம்பர் 11, வியாழன்

வந்தார்கள். போனார்கள். நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

ஹெதருடன் உயரமாக, நரைத்த முடியோடு ஒரு அம்மா. பெயர் என் வாயில் நுழையவில்லை. குழலி தலை வாரி, பொட்டு வைத்து, உதட்டுச் சாயத்தோடு உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை இங்கிலீஷில் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார். எங்கள் ஊரில் பிள்ளையைப் புகழக் கூடாது, யாராவது புகழ்ந்தால் பெரியவர்கள் மாற்றிச் சொல்வார்கள், அந்தக் கருப்புப் பொட்டும் அதற்குத்தான் என்று. இரண்டு பேரும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்கள். ஹெதருக்கு நிம்மதியில் சிரிப்பே வந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

என்னையும் கேட்டார்கள். “ஷீ கேன் ஃபீட். ஷீ கேன் ஸ்லீப்” என்றேன், சிரித்துக்கொண்டே.

குழலியைக் கேட்டார்கள். “ஐ ஆம் ஃபைன். ஐ கேன் மேனேஜ்.”

அவ்வளவுதான். பையை எடுத்தார்கள். மாப்பிள்ளை அவர்கள் கோட்டை எடுத்துக் கொடுத்தார். வாசல் பக்கம் திரும்பினார்கள். அவர்கள் முதுகு தெரிந்ததும் குழலி முகத்திலிருந்து அந்தச் சிரிப்பு கழன்று விழுந்தது. விளக்கை அணைத்தால் அறை இருட்டாகுமே, அப்படி. அவள் வாசலைப் பார்க்கவில்லை. பிள்ளையையும் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே அந்த இறக்கத்தைப் பார்த்தாள்.

நான் எழுந்துவிட்டேன். “வெயிட்” என்றேன். “ஷீ கேனாட்.”

எல்லோரும் திரும்பினார்கள். மாப்பிள்ளை அவசரமாகச் சிரித்தார். ஏதோ சொன்னார். ஹெதரும் சிரித்து, உதட்டில் விரலை வைத்து, இனிமேல் நான் பிள்ளையைப் புகழவே மாட்டேன் என்பது மாதிரி காட்டினாள். என் தோளைத் தட்டிக் கொடுத்தாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் என்ன சொன்னாலும் இனி அது கண்ணுக்குப் பயந்து சொன்னதாகத்தான் ஆகும். இவர்களிடம் என் வாய்க்கு மதிப்புப் போய்விட்டது.

“ஷீ கேனாட்” என்றேன் மறுபடியும். “சித்தி, போதும்” என்றார் மாப்பிள்ளை, பல்லைக் கடித்துக்கொண்டு.

தொட்டிலிலிருந்து பிள்ளையைத் தூக்கினேன். முந்தானையை எச்சிலில் நனைத்து அவன் கன்னத்துப் பொட்டைத் துடைத்தேன். உள்ளங்காலில் இருந்ததையும் துடைத்தேன். தொப்பியைக் கழற்றினேன். அந்த இரண்டு வேற்று மனுஷிகள் முன்னால் அவனை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன்.

“லுக். பேபி குட். பேபி ஃபேட். ஹீ கேன் ட்ரிங்க். ஹீ கேன் ஸ்லீப். பியூட்டிஃபுல். வெரி வெரி பியூட்டிஃபுல்.”

என் நாக்கு குழறியது. பிறந்ததிலிருந்து எந்தப் பிள்ளையைப் பற்றியும் இப்படி ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வந்ததில்லை. எதுவானாலும் என் தலையில் விழட்டும், இவன் மேல் வேண்டாம் முருகா என்று நினைத்துக்கொண்டேதான் சொன்னேன். மாப்பிள்ளை சிரிப்பை நிறுத்திவிட்டார். அவர் அம்மா நெல்லையப்பர் கோயில் தெருக்காரி. நான் என்ன செய்கிறேன் என்று அவருக்குத் தெரியும்.

பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டுக் குழலியைக் காட்டினேன். “ஷீ கேனாட் ஸ்லீப். ஷீ கேனாட் ஈட். மண்டே, பஸ் ஸ்டாப். நோ கோட். நோ செருப்பு. நோ பஸ்.” அதற்கு மேல் எனக்கு இங்கிலீஷ் இல்லை. இடுப்பிலிருந்து ஜன்னல் சாவியை எடுத்து ஹெதர் உள்ளங்கையில் வைத்தேன். மேல் தட்டைக் காட்டினேன். சாமி படத்துக்குப் பின்னால் கையை விட்டு மாத்திரைகளை எடுத்து, அதையும் வைத்தேன்.

ஹெதர் அந்தச் சாவியையே பார்த்தாள்.

“எந்த பஸ் ஸ்டாப் சித்தி?” என்றார் மாப்பிள்ளை.

ஹெதர் கோட்டைக் கழற்றினாள். குழலி காலடியில் தரையில் உட்கார்ந்தாள், சம்மணம் போட்டு. ரொம்ப மெதுவாக ஏதோ கேட்டாள். மறுபடியும் கேட்டாள்.

“ஐ கான்ட்” என்றாள் குழலி. பிறகு தமிழில் என்னைப் பார்த்து, “என்னால முடியல அத்த” என்றாள். அழுதாள். பிள்ளை பெற்ற பிறகு அவள் அழுது நான் பார்த்தது இன்றைக்குத்தான்.

டிசம்பர் 12, வெள்ளி

சேர்த்தாயிற்று. பக்கத்து ஊரில், இந்த மாதிரி மனசு உடைந்த தாய்மார்களுக்கென்றே ஒரு வார்டு. தாயையும் பிள்ளையையும் பிரிக்காமல் ஒரே அறையில் வைத்துப் பார்க்கிறார்கள். அவள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே அவன் தொட்டில். தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்தோமே, அந்த நரைமுடி அம்மாதான் காலையில் பிள்ளைக்கு டயப்பர் மாற்றிக் கொடுத்து வண்டியில் ஏற்றினாள்.

திரும்பி வரும்போது மாப்பிள்ளை வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டார்.

“எங்கிட்ட ஏன் சித்தி சொல்லல?”

“பயந்துருவியன்னுதான் மாப்பிள்ளை.”

“இப்பப் பயப்படலையாக்கும்?”

பையில் இருந்த முறுக்கை எடுத்துக் கொடுத்தேன். அழுதுகொண்டே தின்றார்.

டிசம்பர் 16, செவ்வாய்

மார்கழி பிறந்துவிட்டது. வாசலில் மாக்கோலம் போட்டேன், மழை அழித்துவிட்டது.

தனியாகவே பஸ் ஏறிப் போனேன். டிரைவரிடம், “ஐ மே சிட்?” என்றேன். உட்காரச் சொன்னான். குழலி என்னைப் பார்த்தாள், பேசவில்லை. மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள், பிடிக்க நாளாகுமாம். அங்கே உள்ள நர்சுப் பெண்கள் நாள் முழுக்கப் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு புகழ்ந்து தள்ளுகிறார்கள். காதைப் பொத்திக்கொள்ளவில்லை. ஆனால் யாரும் பார்க்காதபோது அவன் காதுக்குப் பின்னால் கடுகளவு மை வைத்துவிட்டு வந்தேன்.

டிசம்பர் 19, வெள்ளி

இன்றைக்கும் பேசவில்லை. இட்லி கொண்டுபோனேன். ஒன்று தின்றாள். முதுகு வலி தாங்க முடியவில்லை.

டிசம்பர் 23, செவ்வாய்

இரவெல்லாம் எனக்குத் தூக்கம் இல்லை. அண்ணன் போனில் எப்போது சரியாகும், எப்போது சரியாகும் என்று கேட்கிறார். எனக்கு மட்டும் தெரியுமா?

மத்தியானம் வார்டில் போய் உட்கார்ந்தேன். பிள்ளை பால் குடித்துவிட்டு என் மடியில் விக்கிக்கொண்டிருந்தான். குழலி படுத்துக்கொண்டு மேலே பார்த்தபடி இருந்தாள். சும்மா இருந்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. பேச ஆரம்பித்தேன். மேலத்தெரு ஆவுடையம்மாள் மகள் பரதநாட்டிய வாத்தியாரோடு ஓடிப் போனது, மூன்றாம் நாளே வாத்தியார் திரும்பி வந்து ஆவுடையம்மாள் காலில் விழுந்தது, கோயிலில் புதிதாக வந்த அய்யர் சுண்டலில் உப்புப் போடாதது, ரேஷன் கடையில் பாமாயில் வராதது, வாழைத்தோப்பில் பன்றி இறங்கியது. எதற்கும் அவள் முகம் அசையவில்லை. நான் நிறுத்தவில்லை. பன்றியை விரட்டப் போனவன் சேற்றில் விழுந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“அத்த.”

“என்னட்டி? என்ன வேணும்?”

“கொஞ்சம் வாய மூடுதியளா? எனக்குத் தூக்கம் வருது.”

சிடுசிடுவென்று சொன்னாள். சின்னப் பிள்ளையில் பள்ளிக்கூடம் விட்டு வந்து என் மேல் எரிந்து விழுவாளே, அந்தக் குரல். சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் வாய் பிளந்து, அவள் அப்பா மாதிரியே குறட்டை.

ஒரு நர்சுப் பெண் எட்டிப் பார்த்து என்னவோ கேட்க வந்தாள். உதட்டில் விரலை வைத்தேன். அவளும் கட்டிலைப் பார்த்துவிட்டுக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள்.

பிள்ளைக்கு விக்கல் நின்றது. ஜன்னலில் வெளிச்சம் போய் விளக்குகள் வந்தன. அவள் எழுந்திருக்கும் வரைக்கும் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. முருகனிடம்கூட.